தையல் விட்ட இடம்

பவர்பாயின்ட் ஸ்லைடில் ஓர் இதயம். பட்டனைத் தொட்டால் வால்வு திறக்கிறது, ரத்தம் பாய்கிறது. கேள்விக்குச் சரியாக விடை சொன்னால் மதிப்பெண் ஏறுகிறது. தயாரித்தவரின் கணினியில் இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறது. அதே கோப்பை வகுப்பறைக் கணினியில் திறந்தால், இதயம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். 1990களின் பிற்பகுதி தொடங்கி 2020 வரை கணினிவழிப் பாடம் தயாரித்தவர்களில் இந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதைச் சரிசெய்வது ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழிலுக்குப் பட்டயப் படிப்பு இல்லை, சங்கம் இல்லை; கைப்பழக்கமும் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன குறிப்புகளுமே அதன் மூலதனம். அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது: அனிமேஷன் பழுதாகிப் பாடம் நின்றது குறைவு. அனிமேஷனும் அது குடியிருந்த இடமும் சேர்கிற இணைப்பில்தான் பெரும்பாலும் கோளாறு. துணி கிழியவில்லை, தையல் விட்டது. அந்தத் தையலின் ஒரு பக்கம் ஒரு நிறுவனத்துக்கும் மறுபக்கம் இன்னொரு நிறுவனத்துக்கும் சொந்தமாக இருந்தது. தையல் மட்டும் யாருக்கும் சொந்தமாக இல்லை. விட்டுப்போனபோது ஊசியை எடுக்க வேண்டியிருந்தவர் பாடம் செய்தவர்தான்.

தையலே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ என்ற திட்டத்தில், பாடம், பாடத்தை எழுதும் மொழி, அதைக் காட்டும் திரை, எல்லாவற்றையும் இயக்கும் மையக் கணினி அத்தனையும் ஒரே குடும்பம். 1967-இல் விலங்கியல் மாணவர் பால் டென்சார், ஆசிரியர்களே பாடம் எழுதுவதற்காக டியூட்டர் என்ற மொழியை உருவாக்கினார். 1972-இல் வந்த நான்காம் தலைமுறை பிளேட்டோ முனையத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை. 512-க்கு 512 புள்ளிகள். விரலால் தொட்டாலும் உணரும் அகச்சிவப்புச் சட்டம். பழ ஈக்களைக் கலந்து அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்று பார்க்கும் மரபியல் பாடம் அந்தத் திரையில் ஓடியது. இன்று நாம் ஊடாட்ட அனிமேஷன் என்று சொல்வதன் அத்தனை அங்கலட்சணமும் அதில் இருந்தது. பழுது பார்க்கும் ஏற்பாடுதான் இதில் நம் கவனத்துக்குரியது. பாடம் எழுதும் ஆசிரியர் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால், தன் முனையத்திலிருந்தே ஆலோசகரை அழைக்கலாம். ஆலோசகர் வேறொரு கட்டிடத்தில் இருந்தபடி, ஆசிரியரின் திரையில் தெரிவதைத் தன் திரையிலும் பார்க்க முடிந்தது. 1973-இல் வந்த பொதுக் குறிப்பேட்டில் கோளாறுகளை எழுதி வைக்கலாம். அமைப்பை எழுதிய நிரலாளர்களே படித்துப் பதில் எழுதினார்கள். கோளாறைக் கண்டவர், பாடத்தை எழுதியவர், இயந்திரத்தைச் செய்தவர் மூவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிய ஏற்பாடு அது. பிறகு அப்படியொன்று இந்தத் தொழிலுக்கு வாய்க்கவே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் கல்வியாளர்கள் அல்ல, விமானக் கம்பெனிகள். விமானிக்கும் பராமரிப்புப் பணியாளருக்கும் கணினிவழிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு விமானத் தயாரிப்பாளரும் தன் பாடத்துக்கென்று தனி இயந்திரத்தைக் கொடுத்தார். இரண்டு தயாரிப்பாளரின் விமானங்களை ஓட்டும் கம்பெனி இரண்டு வகைப் பயிற்சிக் கணினிகளை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. இந்தத் தலைவலியிலிருந்துதான் 1988-இல் விமானத் துறையின் கணினிப் பயிற்சிக் குழு, சுருக்கமாக ஏஐசிசி, பிறந்தது. ஒரே கூரை என்பது ஒரே முதலாளி என்றும் பொருள்படும். அவர் கடையைக் கட்டினால் பாடங்களும் கூடவே போகும். பிளேட்டோவுக்கு நேர்ந்ததும் அதுதான். கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் அதை வாங்கி விற்கப் பார்த்தது, விலை கட்டுப்படியாகவில்லை, மேசைக் கணினிகள் வந்ததும் முனையங்கள் ஒதுங்கின, ஆயிரக்கணக்கான மணிநேரப் பாடங்களும் ஒதுங்கின. ஆகவே தையல் தவிர்க்க முடியாதது. அதை யார் கவனிப்பது என்று தொடக்கத்திலேயே பேசாமல் விட்டதுதான் பிழை.

தையலின் இரு பக்கத் துணிகளும் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கன்ட்ரோல் டேட்டாவில் பிளேட்டோவோடு பழகிய மைக்கேல் ஆலன் 1980களின் நடுவில் ஆதர்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். சின்னங்களைக் கோட்டில் அடுக்கிப் பாடம் செய்யும் முறை அவருடையது. 1992-இல் ஆதர்வேரும் டைரக்டர் மென்பொருளின் சொந்தக்காரர்களும் சேர்ந்து மேக்ரோமீடியா ஆனார்கள். அந்த மேக்ரோமீடியா 1996 இறுதியில் ஃபியூச்சர்வேவ் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கியது. ஜோனதன் கே எழுதிய ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற வரைகலைக் கருவி அதோடு வந்து, ஃபிளாஷ் என்று பெயர் மாறியது. மறுபக்கத்தில் பவர்பாயின்ட். 1987-இல் ஃபோர்தாட் நிறுவனம் ஆப்பிள் மேக்கின்டோஷுக்காக வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இருவரையும் சேர்த்து வைத்தது 1996-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆக்டிவ்எக்ஸ். ஒரு மென்பொருளின் துண்டை இன்னொன்றின் பக்கத்துக்குள் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. இணையத்துக்காகச் செய்யப்பட்ட ஃபிளாஷும், கூட்ட அறைக்காகச் செய்யப்பட்ட பவர்பாயின்ட்டும் வகுப்பறையில் சந்தித்தது யாரும் திட்டமிட்டதல்ல. கையில் இரண்டும் இருந்தன, ஆசிரியர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ப்பதற்கான வழிமுறையே ஒரு சடங்கு போல இருந்தது. பவர்பாயின்ட்டில் டெவலப்பர் பட்டையை வரவழைத்து, மேலும் பல கட்டுப்பாடுகள் என்ற நீண்ட பட்டியலைத் திறந்து, எஸ் எழுத்து வரை இறங்கி, ஷாக்வேவ் ஃபிளாஷ் ஆப்ஜெக்ட் என்பதைத் தேர்ந்து, ஸ்லைடில் ஒரு கட்டம் வரைய வேண்டும். அந்தக் கட்டத்தின் பண்புப் பட்டியலில் மூவி என்ற வரிசையில் கோப்பின் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெள்ளைக் கட்டத்தின் முதல் காரணம் இங்கேதான். தயாரித்தவர் தன் கணினியின் முழு முகவரியை எழுதியிருப்பார். வகுப்பறைக் கணினியில் அந்த ஃபோல்டரே இருக்காது. எம்பெட்மூவி என்ற பண்பை ‘உண்மை’ என்று மாற்றினால் அனிமேஷன் ஸ்லைடுக்குள்ளேயே தங்கிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டவர் அடுத்த பள்ளத்தில் விழுவார்: அந்த அனிமேஷன் வெளியிலிருந்து வீடியோவையோ கேள்விப் பட்டியலையோ இழுப்பதாக இருந்தால் அவை உள்ளே வராது. ஒருமுறை ஓடி முடிந்த அனிமேஷன், ஆசிரியர் அந்த ஸ்லைடுக்குத் திரும்பி வரும்போது கடைசிக் காட்சியிலேயே உறைந்து நிற்கும். அதை மறுபடி முதலிலிருந்து ஓட்ட, ஆஃபீஸின் நிரல்மொழியான விபிஏவில் சில வரி எழுத வேண்டும். அனிமேஷனுக்குள் ஒரு கிளிக் செய்துவிட்டால் விசைப்பலகையின் கவனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த ஸ்லைடுக்குப் போக அம்புக்குறியை எத்தனை தட்டினாலும் நகராது. ஃபிளாஷ் கட்டத்தின் மேல் வேறு படத்தையோ குறிப்பையோ வைக்க முடியாது. அது எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் நிற்கும். மேக் கணினியில் ஆக்டிவ்எக்ஸே கிடையாது. 2010-இல் ஆஃபீஸ் 64-பிட் பதிப்பு வந்தது. அதற்கேற்ற ஃபிளாஷ் பிளேயர் 2011 இறுதியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய ஆஃபீஸை 64-பிட்டில் நிறுவியவர்களுக்கு அந்தக் கட்டத்தை வரையக்கூட வழியில்லை. இத்தனையிலும் ஒன்றாவது அனிமேஷனின் குற்றமா என்று பாருங்கள். அதே கோப்பைத் தனியாக ஃபிளாஷ் பிளேயரில் திறந்தால் பழுதின்றி ஓடியது.

இந்தக் கடைசி உண்மையிலிருந்துதான் தொழிலின் மூல உத்தி பிறந்தது: உரித்துப் பார்ப்பது. முதலில் அனிமேஷன் கோப்பைத் தனியாக ஓட்டு. ஓடினால், வெறும் ஒரு வலைப்பக்கத்தில் வைத்து ஓட்டு. அதிலும் ஓடினால் ஸ்லைடில் வை. பிறகு பாடத்தொகுப்பில், பிறகு சர்வரில், பிறகு வேறொரு கணினியில். எந்த அடுக்கில் நிற்கிறதோ அந்த அடுக்கின் ஓரத்தைப் பிடி. இதில் என்ன பெரிய அறிவு, நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பதும் பிளேயரை அழித்துவிட்டு நிறுவுவதும்தானே என்று இளப்பமாகச் சொல்பவர்கள் உண்டு. மருத்துவரும் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லித்தான் தொடங்குகிறார். எளிய சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் நோய் அறிதல் இருக்கிறது. அனிமேஷனைத் திருத்தத் தொடங்கியவர் நாள்கணக்கில் தேடியும் எதையும் கண்டுபிடிக்காமல் போவார். ஓரத்திலிருந்து தொடங்கியவர் ஒரு மணி நேரத்தில் முகவரிப் பிழையைக் கண்டுபிடிப்பார். இரண்டு பேரும் ஒரே மென்பொருள் அறிவு உடையவர்களாக இருக்கலாம். கோளாறு எங்கே குடியிருக்கும் என்ற அனுமானத்தில்தான் வேறுபடுகிறார்கள்.

கோளாறு கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருமுறை அது சிகாகோவின் நீதிமன்றத்தில் இருந்தது. வலைப்பக்கத்துக்குள் வேறொரு நிரலைப் பதித்து ஓட்டும் முறைக்கு 1998-இல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. உரிமையாளர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், உரிமம் பெற்றவர் ஈயோலாஸ் என்ற சிறிய நிறுவனம். அவர்கள் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டு, 2003 ஆகஸ்டில் 52 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே, மைக்ரோசாஃப்ட் முன்னெச்சரிக்கையாக 2006 ஏப்ரலில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மாற்றியது. அதன்பின் பக்கத்தில் பதித்த எந்த அனிமேஷனும் தானாக உயிர்பெறாது. பயனர் ஒருமுறை அதன் மேல் கிளிக் செய்து எழுப்பிய பிறகுதான் இரண்டாவது கிளிக் உள்ளே போகும். பாடத்தில் பட்டனை அழுத்திய மாணவருக்கு எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினால் நடந்தது. பாடம் செய்தவர் தன் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கோளாறைத் தேடியவர்களில் எத்தனை பேருக்குக் காப்புரிமைச் சட்டத்தில் தேடத் தோன்றியிருக்கும்? மாற்றுவழியும் சட்ட நுணுக்கத்திலிருந்தே வந்தது. அனிமேஷனை அழைக்கும் வரியைப் பக்கத்தில் நேராக எழுதாமல், தனிக் கோப்பிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் வழியாக எழுத வைத்தால் எழுப்பும் கிளிக் தேவைப்படவில்லை. எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் போன்ற சிறு துணைநிரல்கள் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். 2007-இல் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. 2008-இல் அந்தக் கிளிக் தேவை நீக்கப்பட்டது. 2012-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே சாட்சி சொன்ன வேறொரு வழக்கில், அந்தக் காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். செல்லாத காப்புரிமைக்காக இரண்டு ஆண்டு மாணவர்கள் இரட்டைக் கிளிக் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

தையலுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவர முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏஐசிசி வகுத்த விதிகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டம் 2001-இல் ஸ்கார்ம் 1.2 என்ற தரத்தை வெளியிட்டது. பாடம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், மாணவர் கணக்கை வைத்திருக்கும் கற்றல் மேலாண்மை மென்பொருளோடு ஒரே மொழியில் பேச வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், பெருமளவு பலிக்கவும் செய்தது. ஆனால் பேசுவதற்கு முன்னால் பாடம் அந்த மென்பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிரவுசரில் தான் உட்கார்ந்திருக்கும் சட்டத்தின் (ஃபிரேம்) மேலே என்ன சட்டம், அதன் மேலே என்ன என்று ஏறி ஏறிக் குரல் கொடுக்க வேண்டும். ஏடிஎல் மாதிரியாகக் கொடுத்த நிரலில் ஏழு படி ஏறியும் ஆள் கிடைக்காவிட்டால் தேடுதலை நிறுத்து என்று எழுதியிருந்தது. உலகம் முழுக்க அதையே நகலெடுத்தார்கள். ஒரு நிறுவனம் தன் பாடத்தை அதைவிட அதிகமான சட்டங்களுக்குள் வைத்தால் மதிப்பெண் போய்ச் சேராது. பாதியில் விட்ட பாடத்தை மறுநாள் தொடர, எங்கே நின்றார் என்பதை எழுதி வைக்க 1.2 தரம் 4,096 எழுத்துகளுக்கு மட்டுமே உறுதி தந்தது. பாடத்தில் ஊடாட்டம் கூடக்கூட அந்தக் குறிப்பு நீண்டது. நீண்டு எல்லையைத் தாண்டிய பாடத்தை மாணவர் மறுநாள் திறந்தால் முதல் ஸ்லைடு. பாடக்கோப்புகள் ஒரு சர்வரிலும் மேலாண்மை மென்பொருள் வேறு டொமைனிலும் இருந்தால் பிரவுசர் இரண்டையும் பேசவே விடாது. தரம் என்பது இரு பக்கமும் பேச வேண்டிய சொற்களை வகுத்தது. நடுவில் இருக்கும் பிரவுசர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

தமிழில் பாடம் செய்தவர்களுக்கு இன்னொரு தையலும் இருந்தது, எழுத்தில். ஃபிளாஷின் பழைய எழுத்துப்பெட்டி, எழுத்துருவை உள்ளடக்கி வெளியிட்டால், குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும். ‘கொ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து உட்கார வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. யூனிகோடில் எழுதினால் உயிர்மெய் உடைந்து தெரிந்தது. அதனால் பார்வை வரிசையில் அமைந்த பழைய எழுத்துருக்களே கைகொடுத்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியேற்றங்களும், அரசு அலுவலகங்களில் பரவியிருந்த வானவில்லும், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வேரூன்றியிருந்த பாமினியும் அவ்வகை. கொம்பை முதலில் அடி, எழுத்தைப் பிறகு அடி. திரையில் சரியாக வரும். அல்லது எழுத்துகளை உடைத்து வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிட வேண்டும். எந்தக் கணினியிலும் சிதையாது, ஆனால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த மறுபடி எல்லாவற்றையும் வரைய வேண்டும். 2008-இல் வந்த பத்தாம் பதிப்பு பிளேயரில் சிக்கலான எழுத்துமுறைகளைக் கையாளும் புதிய எந்திரம் வந்தது. அதற்குள் பழைய வழியில் செய்து முடித்த பாடங்கள் ஏராளம். ஸ்லைடில் பாமினி, அனிமேஷனுக்குள் கோட்டுருவம், வினாவிடைக் கோப்பில் யூனிகோடு என்று ஒரே பாடத்துக்குள் மூன்று தமிழ் ஓடும். வகுப்பறைக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் தலைப்பு ரோமன் எழுத்துக் குவியலாகவும் அனிமேஷன் நல்ல தமிழாகவும் தெரியும். ஆங்கிலத்தில் பாடம் செய்தவர்கள் இப்படியொரு தையல் இருந்ததையே அறியமாட்டார்கள்.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. அனிமேஷனுக்கு இடம் கொடுத்த மென்பொருள்தான் வீட்டுக்காரர் என்றால், அவர் கதவைப் பூட்டுவதில் என்ன தவறு என்பது அது. பதித்த அனிமேஷன் வழியாகத் திருடன் வந்தான் என்பதற்கு ஆவணச் சான்று இருக்கிறது. 2011 மார்ச்சில் பாதுகாப்பு நிறுவனமான ஆர்எஸ்ஏவுக்குள் ஊடுருவியவர்கள் பயன்படுத்தியது, ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பு. அதற்குள் பதித்திருந்தது ஒரு ஃபிளாஷ் துண்டு. 2018 தொடக்கத்தில் தென்கொரியர்களைக் குறிவைத்த தாக்குதலிலும் அதே எக்செல், அதே ஃபிளாஷ். ஆசிரியர் இதயத்தைப் பதித்த அதே ஆக்டிவ்எக்ஸ் ஏற்பாடுதான் வழி. அந்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 365 கோப்புகளுக்குள் ஃபிளாஷ் இயங்குவதைத் தடுத்தது. அதற்கும் முன்பு, 2005-இல் வந்த எட்டாம் பதிப்பு பிளேயர், கணினியிலேயே இருக்கும் ஃபிளாஷ் கோப்பு ஒன்று உள்கோப்புகளைத் தொடலாம் அல்லது இணையத்தைத் தொடலாம், இரண்டையும் தொடக் கூடாது என்று விதித்தது. நியாயமான விதி. சி.டி.யில் விநியோகித்த பாடங்கள் அன்றோடு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டத் தொடங்கின. பூட்டியதை நான் குறைசொல்லவில்லை. வீட்டுக்காரர் பூட்டை மாற்றும்போது குடியிருப்பவருக்குச் சாவி கொடுக்க வேண்டும், குறைந்தது அறிவிப்பாவது கொடுக்க வேண்டும். இங்கே குடியிருப்பவர் யார் என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது. பவர்பாயின்ட்டை எழுதியவர்களின் கணக்கில், அதற்குள் ஃபிளாஷ் பதித்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் என்று ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை. இருந்திருந்தால் திரும்பி வரும் ஸ்லைடில் அனிமேஷன் உறையும் கோளாறு பதிப்புக்குப் பதிப்பு அப்படியே தொடர்ந்திருக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பிரபலம், ஆனால் பலவீனமானது. ஃபிளாஷ் ஒரு நிறுவனத்தின் மூடிய சரக்கு, ஆகவே அழிந்தது. திறந்த தரமான எச்டிஎம்எல்5 வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்பது அது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்று எழுதிய வெளிப்படைக் கடிதம் இந்த வாதத்தை ஊரறியச் செய்தது. மேக்ரோமீடியாவை 2005-இல் வாங்கியிருந்த அடோபி, 2017 ஜூலையில் முடிவுத் தேதியை அறிவித்தது. சொன்னபடி 2020 டிசம்பரோடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷை ஓட்ட மறுத்தது. மூடிய சரக்கு என்பது உண்மை. ஆனால் வாரிசின் வீட்டில் என்ன நடந்தது? 2018 ஏப்ரலில் குரோம் 66, பயனர் தொடாமல் ஒலி எழும்பக் கூடாது என்று விதித்தது. விளம்பரத் தொல்லைக்கு எதிரான விதி. திறந்ததும் குரல் ஒலிக்கும் பாடங்கள் ஊமையாயின. வலை விளையாட்டு செய்பவர்கள் கூச்சலிட்டதால் கூகுள் விதியின் ஒரு பகுதியை அடுத்த மாதமே தள்ளிவைத்து, ஆண்டிறுதியில் மறுபடி கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் குரோம் 80 குக்கி விதியை இறுக்கியது. ஒரு தளத்துக்குள் பதித்த மற்றொரு தளத்தின் பாடத்துக்கு, உள்ளே நுழைந்தவர் யார் என்பது மறந்துபோகும் நிலை. கொரோனாவில் உலகமே கணினி முன் உட்கார்ந்த ஏப்ரலில் அந்த விதியைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார்கள். திறந்த தரத்தில் எழுதிய, காப்புரிமைச் சிக்கலற்ற, பிளக்-இன் தேவைப்படாத பாடங்கள்தான் இவை எல்லாம். கோளாறு பழைய இடத்திலேயே இருந்தது. மொழி மாறியது, வீட்டுக்காரர் மாறினார், குடியிருப்பு முறை மாறவில்லை. பவர்பாயின்ட்டில் எச்டிஎம்எல்5 அனிமேஷனை அப்படியே பதிக்க இன்றைக்கும் நேர்வழி இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இணைய முகவரியைக் காட்டும் துணைச்செயலியைச் செருகினால், இணைப்பு இல்லாத வகுப்பறையில் மறுபடி வெறும் கட்டம்.

தையல் பிரிந்தபோது யாரால் தைத்துக்கொள்ள முடிந்தது என்று பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். தென்னாப்பிரிக்க வருமானவரித் துறையின் படிவங்கள் சில ஃபிளாஷில் இருந்தன. 2021 ஜனவரியில் அவை நின்றதும், அவற்றைத் திறப்பதற்கென்றே அந்தத் துறை தனி பிரவுசர் ஒன்றை வெளியிட்டது. வேடிக்கையான தீர்வு, ஆனால் ஓர் அரசால் செய்ய முடிந்தது. நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டம், ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்த தன் அறிவியல் மாதிரிகளைப் பல ஆண்டு உழைத்து எச்டிஎம்எல்5-க்கு எழுதி மாற்றியது. அதற்கு நன்கொடையும் நிரலாளர் குழுவும் இருந்தன. ஒரு கல்லூரியின் உடலியல் ஆசிரியர் கோடை விடுமுறையில் ஒரு மாணவரை வைத்துச் செய்த இதய அனிமேஷனுக்கு இரண்டும் இல்லை. வரைந்தவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். மூலக் கோப்பு அவர் கணினியோடு போய்விட்டது. கையில் இருப்பது ஸ்லைடு மட்டும்.

அந்த ஸ்லைடிலிருந்து இதயத்தை மீட்க ஒரு வழி இன்னும் இருக்கிறது. தொழிலின் கடைசி உத்தி என்று அதைச் சொல்லலாம். புதிய வகைப் பவர்பாயின்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் வாலை மாற்றி அவிழ்த்தால் உள்ளே ஆக்டிவ்எக்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் பைனரிக் கோப்பில்தான் அனிமேஷன் புதைந்திருக்கும். எஃப்டபிள்யூஎஸ் அல்லது சிடபிள்யூஎஸ் என்ற மூன்று எழுத்துகள் எங்கே தொடங்குகின்றன என்று தேடி, அங்கிருந்து வெட்டி எடுத்து, தனிக் கோப்பாகச் சேமித்து, தன்னார்வலர்கள் ரஸ்ட் மொழியில் எழுதிவரும் ரஃபிள் என்ற இயக்கியில் திறந்தால், வால்வு பெரும்பாலும் மறுபடி அசையும். இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரிலிருந்து பழைய ஃபிளாஷ் படைப்புகளைக் காட்டுவதும் இதே ரஃபிளைக் கொண்டுதான். ஸ்லைடுக்குள் அது மீண்டும் ஓடாது, தனியாகத்தான் ஓடும். இதெல்லாம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ எம்பெட்மூவி என்ற வரியில் ‘உண்மை’ என்று மாற்றியிருந்தால். மாற்றாமல் விட்டிருந்தால் அந்த பைனரிக் கோப்பைத் திறந்து தேடும்போது கிடைப்பது ஒரே ஒரு வரி: டி டிரைவ், ஒரு ஃபோல்டரின் பெயர், அதற்குள் இதயம் என்று பெயரிட்ட ஒரு கோப்பு, இப்போது எங்கும் இல்லாத ஒரு கணினியின் முகவரி.